வாளிக்குள் அலறிய கைப்பேசி

அந்தக் காணொளியை மங்களம் மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டாள்.

“அக்கா, இது என் போன், என் டேட்டா. இன்னொரு வாட்டி ஓட்டினீங்கன்னா அந்த வாளியில என்னையும் சேத்து முக்கிருங்க,” என்றான் காந்தன்.

“வாளி சின்னதுடா. நீ அடங்க மாட்டே.”

ஜாசின் பட்டணத்தில் ஒரு பூமாலைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது மங்களத்தின் துப்பறியும் அலுவலகம். போலீசில் கார்ப்ரலாக இருந்து சீக்கிரமே ஓய்வு வாங்கியவள். வருகிற வழக்குகளில் முக்கால்வாசி, மாப்பிள்ளை குடிக்கிறானா, பெண் ஏற்கெனவே யாரையாவது விரும்புகிறாளா என்கிற ரகம். உதவியாளன் காந்தன் முன்பு பர்கர் கடை வைத்திருந்தவன். கடை ஏன் மூடப்பட்டது என்பது அவன் இடுப்பைப் பார்த்தாலே தெரியும்.

ஆனால் இன்று மேசைக்கு எதிரே இருந்தவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. பவானேஸ்வரி குருபோங் தொழிற்சாலைச் சீருடையோடு அப்படியே வந்திருந்தாள். பக்கத்தில் மகள் ஷாந்தினி, பள்ளிப் பையை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு. ஐந்தாம் படிவம், பள்ளியின் கடைசி வருடம். அடுத்த மாதம் எஸ்.பி.எம். தேர்வு. இன்று மதியம் பள்ளியின் கட்டொழுங்குக் குழு கூடுகிறது. அதில் அவள் பெயரை அடித்துவிட்டால் பள்ளியும் இல்லை, இந்த வருடத் தேர்வும் இல்லை.

காணொளி இதுதான். பெம்பான் பக்கத்து இடைநிலைப்பள்ளி ஒன்றின் மண்டபம். பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். மேடையில் கட்டொழுங்கு ஆசிரியர் சுகுமாரன். பள்ளிக்குக் கைப்பேசி கொண்டு வரக்கூடாது என்பது சட்டம். மீறிக் கொண்டுவந்து பிடிபட்ட கைப்பேசிகளை அவர் ஒவ்வொன்றாகத் தண்ணீர் வாளிக்குள் போடுகிறார். ஒன்று மட்டும் விழுகிற சமயம் பார்த்து அலறுகிறது. மண்டபம் முழுக்கக் கேட்கிறது அந்த மணி, பிறகு தண்ணீருக்குள் அமுங்கிப் போகிறது. அழைத்தது அந்தப் பையனின் அம்மா, அதுவும் மருத்துவமனைக் கட்டிலிலிருந்து என்று பிறகு தெரிந்தபோது ஊரே கொதித்தது. சுகுமாரனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். கொதிப்பு கொஞ்சம் அடங்கியதும் பள்ளி வேறொரு கேள்வியைக் கையில் எடுத்தது. கைப்பேசியே நுழையக்கூடாத மண்டபத்தில் இதைப் படம் பிடித்தது யார்?

“நான் இல்ல ஆண்ட்டி,” என்றாள் ஷாந்தினி. “அம்மாவோட பஸ் லேட்டாகும்னு ஒரு தடவ போன் கொண்டுபோயி மாட்டிக்கிட்டேன். அதுக்கப்புறம் கொண்டு போனதே இல்ல. ஆனா நான் உக்காந்த எடத்துலேருந்துதான் எடுத்திருக்காங்கன்னு சொல்றாங்க. வரிசையில கடைசி ஆளு நான்தான்.”

“உங்க அண்ணந்தாங்க எங்கள அனுப்புனாரு,” என்றாள் பவானேஸ்வரி. “‘என் தங்கச்சிகிட்ட போம்மா, அவ பாத்துக்குவா’ன்னாரு. பள்ளிக்கூடத்துல அவரு ஒருத்தருதான் எங்ககிட்ட மொகங்கொடுத்துப் பேசுனாரு.”

மங்களத்துக்கு உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை. அண்ணன் வீரமுத்து நியாலாசில் லாரி வைத்து எண்ணெய் ஆலைகளுக்குச் செம்பனைக் குலை ஏற்றும் குத்தகைக்காரர். அப்பா செத்தபோது படிப்பை நிறுத்திவிட்டு அவளைப் படிக்க வைத்தவர். அந்தப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரும் அவர்தான். பிள்ளைகள் கையில் கைப்பேசி இருப்பது குரங்கு கையில் பூமாலை இருப்பது மாதிரி என்று கூட்டத்துக்குக் கூட்டம் முழங்கி, மற்றப் பள்ளிகள் யோசித்துக்கொண்டிருந்தபோதே இந்தப் பள்ளியில் தடையைக் கறாராக்கியவர்.

நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

“அம்மாடி, பசியாறிட்டியா?”

“இன்னும் இல்லண்ணே.”

“நேரத்துக்குச் சாப்பிடு. அந்தப் பொண்ணு வந்துச்சா? பாவம்லா அது. உன்னால முடிஞ்சதப் பாரு. ஒண்ணும் கெடைக்கலன்னாலும் பரவால்ல, நீயே தேடிப் பாத்தேன்னா ஊரு ஏத்துக்கும்.”

மங்களம் போனை வைத்துவிட்டு எழுந்தாள்.

“காந்தா, கீழ உக்காரு.”

“நாற்காலி தாங்கலன்னு நேரா சொல்லலாமே அக்கா.”

“உக்காந்து என்னைப் படம் புடி.”

காந்தன் பெருமூச்சோடு தரையில் உட்கார்ந்தான். அவனுக்கு முன்னால் ஷாந்தினியை உட்காரவைத்து, மங்களம் மேடையில் நிற்பது போலத் தள்ளி நின்றாள். எடுத்த படத்தைப் பார்த்தார்கள். பாதிக்குமேல் ஷாந்தினியின் முதுகும் பின்னலும்தான்.

“இப்ப வாளிப் படத்தப் பாரு. புள்ளைங்களோட என்னா தெரியுது?”

காந்தன் கண்ணைச் சுருக்கினான். “தலை. எண்ணெய் வெச்ச தலை. வகிடுகூடத் தெரியுது.”

“தரையில உக்காந்தவங்களுக்கு முன்னால உள்ளவங்க வகிடு தெரியுமா?”

“எந்திரிச்சு நின்னு எடுத்திருக்கலாம்ல?”

அவன் சொன்னதற்கு அவனே பதிலும் சொல்லிக்கொண்டான். “இல்ல, கட்டொழுங்கு சார் முன்னாடி எந்திரிச்சு நின்னு போன் புடிக்கிற புள்ளைக்கு எஸ்.பி.எம். எதுக்கு? நேரா மந்திரியாயிரலாம்.”

“அப்ப நாற்காலியில உக்காந்த ஆளு. ஷாந்தினி, உனக்குப் பின்னால நாற்காலி போட்டிருந்தாங்களா?”

“ஓரமா போட்டிருந்தாங்க ஆண்ட்டி. பாடம் எடுக்கிற சிகுங்க உக்காருவாங்க. யாருன்னு நான் திரும்பிப் பாக்கல. அன்னிக்கு எல்லாருக்கும் பயமா இருந்துச்சு.”

“ஒருத்தன் திரும்பிப் பாத்தான்,” என்றாள் மங்களம். காணொளியின் நடுவில் ஒரு பையன் தலையைத் திருப்புகிறான். நேராகக் கைப்பேசியைப் பார்க்கிறான். அடுத்த கணம் முதுகை நிமிர்த்திக் கையைக் கட்டிக்கொண்டு முன்பக்கம் திரும்பிவிடுகிறான்.

“காந்தா, கூட்டாளி ஒருத்தன் திருட்டுத்தனமா போன் புடிக்கிறான். நீ அதப் பாத்துட்டே. என்னா செய்வே?”

“பல்லக் காட்டுவேன். ரெண்டு வெரலத் தூக்குவேன்.”

“இவன் கையக் கட்டுறான்.”

“பெரிய ஆளு,” என்றான் காந்தன். இந்த முறை நக்கல் இல்லை.

பவானேஸ்வரி மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முதன்முறையாக அவள் முகத்தில் ஒரு நம்பிக்கை தெரிந்தது.

மங்களத்துக்கு இன்னும் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. காணொளியின் மேல் மூலையில் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு செம்மஞ்சள் மங்கல், விலகாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

“சாஸ்,” என்றான் காந்தன்.

“உனக்கு எல்லாமே சாஸ்தான்.”

அவள் பார்வை அலமாரியில் இருந்த கேமராமேல் விழுந்தது. ஆயுத பூசையன்று அவள் வைத்த சந்தனமும் குங்குமமும் அதில் காய்ந்து கிடந்தன. அதில் கொஞ்சத்தைச் சுரண்டி, ஈரவிரலால் காந்தனின் கைப்பேசிக் கவரில், லென்சை ஒட்டித் தடவினாள். ஜன்னலைப் பார்த்துப் படமெடுத்தாள். படத்தின் மூலையில் அதே செம்மஞ்சள் மங்கல்.

“இந்தப் படம் எடுத்தது ஆயுத பூசை முடிஞ்ச திங்கக்கெழம,” என்றாள். “பொட்டு வெச்ச போன்.”

“புள்ளைங்க போனா இருக்காது அக்கா. என் அக்கா பையன் போனுக்கும் பொட்டு வெச்சாங்க. ஊதுபத்தி அணையறதுக்குள்ள தொடச்சிட்டான். செல்ஃபி மங்கலா வருதாம்.”

“சரியாச் சொன்னே. தொடைக்காத ஆளுன்னா யாரு? போன வெச்சுத்தான் பொழப்பு நடத்துறவரு. பொட்டு தானா உதிரணும், நாமளாத் தொடச்சா தொழில் படுத்துரும்னு நம்புறவரு. நாற்காலி போட்டு உக்கார வெக்கிற அளவுக்குப் பெரிய மனுசரு.”

அந்த நாற்காலிகளை எதிரே மேடையிலிருந்து பார்த்த ஆள் ஒருவர்தான். தாயையும் மகளையும் நேரே பள்ளிக்கு வரச் சொல்லிவிட்டு, மங்களம் காந்தனின் மோட்டார் சைக்கிளில் ஏறினாள்.

பெம்பானில் சுகுமாரன் தன் வீட்டு வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தார். ரப்பர் குழாயால்.

“வாளி இன்னும் விசாரணையில இருக்கா சார்?” என்றான் காந்தன்.

“அவன் கெடக்கிறான் சார்,” என்றாள் மங்களம். “அன்னிக்கு ஐந்தாம் படிவத்துப் பொண்ணுங்களுக்குப் பின்னால நாற்காலியில யார் யாரு உக்காந்திருந்தாங்க?”

சுகுமாரன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். குழாயை மூடினார். “ரஹிமா டீச்சர். லிம் சார்.”

“அவங்க ரெண்டு பேரும் ஆயுத பூசை கும்புட மாட்டாங்க. வேற யாரு?”

“எதுக்குங்க இதெல்லாம். எனக்கே வேலை ஊசலாடுது.”

“ஒரு புள்ளையோட பரீட்சையும் ஊசலாடுது சார்.”

சுகுமாரன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். “போயி உங்க வீட்ல கேளுங்க,” என்றார்.

மங்களத்துக்குப் புரியவில்லை. காந்தனுக்கு அவளுக்கு முன்பே புரிந்துவிட்டது. அவன் தலையைக் குனிந்துகொண்டு மோட்டார் சாவியைத் திருகிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

“அண்ணன் அன்னிக்கு வந்திருந்தாரா?”

“வந்திருந்தாரா? வாளி கொண்டாரச் சொன்னதே அவருதாங்க. பறிச்சு வெச்சா அப்பன் ஆத்தா வந்து அழுது வாங்கிட்டுப் போயிருவாங்க, தண்ணியில போடுங்க, அப்பத்தான் பயம் வரும்னாரு. நானும் புத்தி கெட்டுப்போயிச் செஞ்சேன். வீடியோ வெளிய வந்ததும், அந்தக் கடைசிப் பொண்ணு கையில என்னமோ மினுங்குச்சுன்னு ஹெட்மாஸ்டர்கிட்ட சொன்னதும் அவருதான்.”

“நீங்க ஏன் சார் வாயத் தொறக்கல?”

“மேல பேசி என்னைத் திரும்ப வேலையில சேத்து விடுறேன்னு சொல்லியிருக்காரு.” அவர் மறுபடி குழாயைத் திறந்துவிட்டார்.

நாற்காலியில் உட்கார்ந்தவரெல்லாம் படம் எடுத்தவராகிவிடுவாரா என்று ஒரு போலீஸ்காரியைப்போல யோசித்துப் பார்த்தாள் மங்களம். அந்த யோசனை நிற்கவில்லை. ஏனென்றால் அண்ணன் வீட்டு ஆயுத பூசையில் லாரிகளுக்கும் சாவிக்கும் கைப்பேசிக்கும் பொட்டு வைப்பது வருடா வருடம் தங்கையின் வேலை. இந்த வருடமும் அவள்தான் வைத்தாள். ‘என்னம்மாடி, கண்ணுக்குள்ளயே வெச்சிட்ட,’ என்று அண்ணன் சிரித்ததுகூட இப்போது காதில் கேட்டது. காலையிலிருந்து அவள் உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது தன் விரல் வைத்த பொட்டைத்தான்.

நியாலாஸ் போகும் சாலையில் இரண்டு பக்கமும் செம்பனை. பாதி வழியில் காந்தனால் அடக்க முடியவில்லை.

“தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்னு எங்கம்மா சொல்லும். நான் சும்மா சொல்றேன்.”

“ஓட்டுடா,” என்றாள் மங்களம்.

லாரிக் கொட்டகையில் வீரமுத்து கைப்பேசியில் யாரிடமோ குலை எடை பேசிக்கொண்டிருந்தார். தங்கையைக் கண்டதும் பேச்சைப் பாதியில் முடித்துக்கொண்டு, “வா அம்மாடி, குடிக்க ஒரு தே சொல்லட்டா?” என்றார். அவர் காதிலிருந்து இறங்கிய கைப்பேசியின் பின்பக்கம், லென்சின் ஓரத்தில், பாதி உதிர்ந்தும் உதிராமலும் அந்தப் பொட்டு இருந்தது.

“அண்ணே, வாளிப் படம் நீங்க எடுத்தது.”

அவர் மறுக்கவில்லை. கோபப்படவும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“கோயில் கமிட்டி குரூப்புல போட்டேன். நம்ம பள்ளிக்கூடத்துல கட்டொழுங்கு எப்பிடி இருக்கு பாருங்கன்னு பெருமையாத்தான் போட்டேன். எவனோ வெளிய விட்டுட்டான். அந்தப் பையனோட அம்மா ஆஸ்பத்திரியிலேருந்து கூப்புடும்னு நான் கண்டேனா? உடனே அழிச்சிட்டேன். கமிட்டிக்காரங்க நம்ம ஆளுங்க, என் பேரச் சொல்ல மாட்டாங்க.”

“அழிச்சிட்டு, ஒரு பொண்ணு பேரச் சொல்லிட்டீங்க.”

“யார் பேராச்சும் சொல்லணும்லா. அது ஏற்கெனவே ஒருவாட்டி மாட்டுன புள்ள. போன் கூடாதுன்னு ஊரெல்லாம் பேசுன தலைவரே மண்டபத்துல போன் புடிச்சாருன்னா, என் மூஞ்சிய எங்க கொண்டுபோயி வெக்கிறது? அடுத்த வருசம் எழுதிக்கட்டும். நானே டியூசனுக்கு ஏற்பாடு பண்றேன்.”

வேலியே பயிரை மேய்ந்துவிட்டு, பயிருக்கு உரம் வாங்கித் தருகிறேன் என்கிறது. அழுதுவிடக்கூடாது என்று மங்களம் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“அப்புறம் எதுக்கு அவங்கள எங்கிட்ட அனுப்புனீங்க? என்னால கண்டுபிடிக்க முடியாதுன்னா?”

“சே,” என்றார் வீரமுத்து. உண்மையிலேயே அவர் மனம் புண்பட்டது போலிருந்தது. “உன் மூளை எனக்குத் தெரியாதா? நீ கண்டுபிடிப்பேன்னு தெரியும். கண்டுபிடிச்சா வெளிய சொல்ல மாட்டேன்னும் தெரியும். வேற எவன்கிட்டயாச்சும் அவங்க போயிருந்தா என் கதி என்னா? உன்ன நம்பித்தான் அனுப்புனேன் அம்மாடி. நீ ஒண்ணும் கெடைக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டேன்னா அதோட முடிஞ்சுது.”

காலையில் கேட்ட ‘பசியாறிட்டியா’ முதல் ‘ஊரு ஏத்துக்கும்’ வரை எல்லாம் இப்போது வேறு மாதிரியாகக் கேட்டது. பாசம் என்று அவள் வாங்கி வைத்துக்கொண்டது எல்லாவற்றிலும் ஒரு கணக்கு இருந்திருக்கிறது. அப்படி இல்லாததும் ஏதாவது இருந்திருக்கும். எது எது என்று இனி எப்படிப் பிரித்தெடுப்பது?

“நீங்களே சொல்லிருங்கண்ணே. கூட்டத்துல, உங்க வாயால. நான் பக்கத்துல நிக்கிறேன்.”

வீரமுத்து எழுந்து அவள் தலையில் கை வைத்தார், சின்ன வயதில் வைப்பது போல. “போ. நான் வர்றேன்,” என்றார். சொல்லிவிடுவார் என்றுதான் மங்களம் நினைத்தாள். அண்ணன் ஆயிற்றே.

கூட்டம் தலைமையாசிரியர் அறையில், மலாயில் நடந்தது. உள்ளே வரும் பெரியவர்களும் கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட வேண்டும் என்பது அந்த அறையின் பழக்கம். சங்கத் தலைவர் கேட்டுக் கொண்டுவந்த பழக்கம்தான். வீரமுத்து உள்ளே வந்ததும் ஷாந்தினி எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். அவர் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். உட்கார்ந்தார். கைப்பேசியைக் கவிழ்த்து மேசையில் வைத்தார்.

மங்களம் அதைப் பார்த்தாள். பொட்டு இல்லை. கவர் துணியால் அழுந்தத் துடைக்கப்பட்டு, லென்சைச் சுற்றி ஈரம் இன்னும் காயாமல் பளபளத்தது.

உன்னை நம்புகிறேன் என்று சொன்ன கையோடு துடைத்திருக்கிறார். தொழில் படுத்தாலும் பரவாயில்லை என்று துடைத்திருக்கிறார். அப்படியானால் அந்த நம்பிக்கையும் பொய்தான். அவளுக்கு அதுவரை இருந்த வலியைவிட இது அதிகமாக வலித்தது.

தலைமையாசிரியர் விசாரணையில் ஏதாவது தெரிந்ததா என்று கேட்டார். மங்களம் எழுவதற்கு முன் வீரமுத்து கையைத் தூக்கினார். நல்ல மலாயில், நிதானமாகப் பேசினார். என் தங்கை போலீசில் இருந்தவள், பிழைப்பே போனாலும் பொய் சொல்ல மாட்டாள், அவள் என்ன சொன்னாலும் சங்கம் அதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும் என்றார். சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பி, “சொல்லும்மா,” என்றார் தமிழில், அன்பாக.

அவர் சொல்லப்போவதில்லை. அவள் வாயால் ‘ஒன்றும் கிடைக்கவில்லை’ வருவதற்காகப் பாயை விரித்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்.

பவானேஸ்வரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மங்களம் எழுந்தாள். நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும்போது நிற்பது போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“தலைவர் சொன்னது சரி. நான் பொய் சொல்ல மாட்டேன்,” என்று மலாயில் தொடங்கினாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். வகிடு, நாற்காலி, கையைக் கட்டிக்கொண்ட பையன், பொட்டு, அந்தப் பொட்டை வைத்த விரல், லாரிக் கொட்டகையில் கேட்டது. குரல் ஒரே ஒரு இடத்தில்தான் உடைந்தது, ‘என் அண்ணன்’ என்று சொல்லும்போது. வீரமுத்து மறுக்கவில்லை. மறுப்பதற்கு இருந்த ஒரே கதவையும் கொஞ்சம் முன்புதான் அவரே சாத்தியிருந்தார். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, நாளைக்கு வழக்கம்போல வகுப்புக்கு வா என்று ஷாந்தினியிடம் சொன்னார். அந்தப் பெண் அதைக் கேட்டும் கேட்காதவள்போல, சற்றுமுன் தன் தோளைத் தட்டிக்கொடுத்தவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீரமுத்து யாரையும் பார்க்கவில்லை. தங்கை பக்கம் மட்டும் சாய்ந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில், “நம்ப வெச்சுக் கழுத்தறுத்துட்டியே மங்களம்,” என்றார்.

நியாலாசிலிருந்து வழியெல்லாம், மோட்டாரின் பின்னால் உட்கார்ந்துகொண்டு, அவரிடம் சொல்ல வேண்டும் என்று அவள் வாய்க்குள் வைத்துக்கொண்டு வந்த வார்த்தை அது. அதையும் அவரே எடுத்துக்கொண்டார்.